அண்ணி கேட்ட நம்பர்

இப்போது அதற்கு யூசர் ஸ்டோரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கணினித் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவைப்பது. நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் அதை மஞ்சள் காகிதங்களில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டிவைப்பார்கள். நான் போய் நின்றால் முதலில் மூன்றாவது பகுதியைத்தான் படிப்பேன். 'எதற்காக' என்ற இடத்தில் ஒப்புக்கு எதையாவது எழுதியிருந்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காகிதத்தைப் பிய்த்து, எழுதிய பிள்ளையின் கையிலேயே கொடுத்து, போய்க் கேட்டுவிட்டு வா என்பேன். ஒரு வாக்கியத்துக்கா இந்த அம்மா இப்படிக் குதிக்கிறது என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் அவர்களிடம் விளக்கம் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. பல தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் நான் இருந்தேன். தோட்டங்களின் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று மேலிடம் முடிவு செய்தது. கோலா சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் முதலில் தொடங்குவதாக ஏற்பாடு. அங்கே போய், கணக்கெழுதும் கிராணிக்கு என்ன வேண்டும், ஆட்களை வேலைக்கு ஏவும் மண்டோருக்கு என்ன வேண்டும், தோட்டத்தை நடத்தும் துரைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிவர ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதோடு நான் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். பட்டியலில் இருந்த தோட்டங்களில் ஒன்று நான் பிறந்த தோட்டம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் அதே லயத்து வீட்டில் இருந்தார்கள்.

முதல் தடவை போய்வந்து நான் எழுதிக் கொடுத்ததை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கம்ப்யூட்டர் வேகமாக இருக்க வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும், தப்பு வரக் கூடாது. இவ்வளவுதான். யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று ஒன்றும் இல்லை. ஏசி அறையில் போர்வை போர்த்தாத குறையாக உட்கார்ந்திருந்த எங்கள் புரோகிராமர்கள் அதை வைத்துக்கொண்டு தங்களுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். ஆட்களின் பெயர்களைத் தோட்டத்துப் பதிவு நம்பர் வரிசைப்படி அழகாக அச்சடித்துக் கொடுத்தார்கள். தோட்டத்தில் விடியுமுன் ஆட்கள் எல்லோரும் வெட்டவெளியில் கூடி நிற்க, மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆட்கள் லயத்து வரிசைப்படி, வீடு வீடாக நிற்பார்கள். நம்பர் வரிசையில் கூப்பிட்டால் மண்டோரின் கண் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஓட வேண்டியிருக்கும். அவர் எங்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பழையபடியே கூப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் சீட்டுகளுக்கு மாறினேன். அச்சடித்து வீணாய்ப்போன கம்ப்யூட்டர் தாள்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வெறுமையாய் இருந்த பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு சீட்டில் ஒரு தேவை மட்டும். மேலே யார், நடுவில் என்ன, கீழே எதற்கு. எழுதுவது அவர்கள் சொன்ன வார்த்தையாக இருக்க வேண்டும், நானாக ஊகித்தது இருக்கக் கூடாது என்பதை எனக்கு நானே சட்டமாக வைத்துக்கொண்டு, வீட்டிலும் பெருமையடித்திருந்தேன். ஊகம் செய்யத்தான் ஏசி அறையில் ஆள் இருக்கிறார்களே.

கேட்கப் பழகியபின் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு தோட்டத்துத் துரை கலர் கலராக வரைபடம் வேண்டும் என்றார். எதற்கு என்று மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டதில், பக்கத்துத் தோட்டத்துத் துரையின் சுவரில் ஒன்று தொங்குகிறது என்று வெளிவந்தது. எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, எல்லாவற்றிற்கும் கார்பன் நகல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கரண்டு போனா ஒங்க மெஷினு படுத்துக்கும். அது ஆளுங்களுக்குப் பதில் சொல்லாது, நான்தான் சொல்லணும் லா" என்றார். அதையும் அப்படியே எழுதினேன். இப்படி ஒவ்வொரு சீட்டின் கடைசி வரியிலும் ஓர் ஆள் தெரிந்தார்.

ஆனால் வெட்டுக்காட்டில் வேலை செய்கிறவர்களிடம் கேட்பது வேறு விதம். "என்ன வேணும்" என்றால், "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்பார்கள். பட்டணத்திலிருந்து சட்டை மடிப்புக் கலையாமல் வருகிற யாருக்கும் அவர்கள் வைத்திருக்கும் பதில் அது. நெருங்கி உட்கார்ந்து கேட்டால் வாய் திறந்து கேட்பார்கள். அப்போதும் கேட்பது தங்களுக்காக இருக்கும், சொல்லும் காரணம் துரையுடையதாக இருக்கும். எங்கள் தோட்டத்துப் பழக்கம் அது. லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றால், பொம்பளைகள் தூரத்திலிருந்து வாளி தூக்கி இடுப்பொடிகிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை. "கொழா பக்கத்துல இருந்தா ஆளுங்க பெரட்டுக்கு நேரத்தோட வந்துருவாங்க தொர" என்பார்கள். கோயில் திருவிழாவுக்கு விடுமுறை கேட்டால், "சாமி கும்புட்டு வந்தா உற்சாகமா வெட்டுவானுங்க தொர" என்பார்கள். தன் வலியைச் சொன்னால் கிடைக்காது, தோட்டத்துக்கு லாபம் என்று சொன்னால் ஒருவேளை கிடைக்கும். யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. எனக்கும் ஒட்டியிருந்தது. அலுவலகத்தில் லீவு கேட்கும்போது, இப்போது எடுத்தால் மாதக் கடைசியில் முழுசாக இருப்பேன் என்றுதான் ஆரம்பிப்பேன்.

அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையை இறக்கி, குலையை இறக்குவார். குலை விழும்போது பழங்கள் தெறித்து நாலாபக்கமும் சிதறும். அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுச் சாலை ஓரத்துக்குத் தூக்கி வருவது அண்ணியின் வேலை. உதிரி கிடந்தால் மண்டோர் கத்துவார், அண்ணனின் கணக்கில் கைவைப்பார்கள். ஆகவே அண்ணன் வெட்டும் நாளெல்லாம் அண்ணியும் காட்டில் இருந்தார். ஆனால் தோட்டத்துப் பேரேட்டில் அண்ணி கிடையாது. இருவர் உழைப்பும் அண்ணனின் நம்பரில்தான் ஏறியது. அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெரட்டில் புருஷன் பெயரைக் கூப்பிடுவார்கள், பெண்டாட்டி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

ஒருநாள் மாலை நான் சீட்டுக் கட்டோடு வீட்டுக்குப் போனபோது அண்ணி அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பெரிய பேச்சுக்காரி கிடையாது. ஆனால் என்னைக் கேலி பண்ணுவதென்றால் அவருக்குத் தனி உற்சாகம். "வாங்க பட்டணத்துத் தொரசானி. ஊரெல்லாம் என்னா வேணும் என்னா வேணும்னு கேட்டீங்களாமே. வீட்டுல இருக்கறவள கேக்க மாட்டீங்களா?" என்றார். நானும் விளையாட்டாகவே பென்சிலை எடுத்தேன்.

"சொல்லுங்க அண்ணி. என்ன வேணும்?"

மீனைத் திருப்பிப்போட்டுக்கொண்டே சொன்னார். "எனக்குன்னு ஒரு நம்பரு வேணும்."

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எதுக்கு?"

"கணக்கு சுத்தமா இருக்கும்ல. யாரு எம்மாம் வேல செஞ்சாங்கன்னு ஆபீசுக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது தொரைக்குச் சொல்ற காரணம். எங்கிட்ட எதுக்கு இது? நெசத்தச் சொல்லுங்க."

அண்ணியும் சிரித்தார். முன்னறையில் அண்ணன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அண்ணி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "அதான் நெசம். எழுதும்மா" என்றார். நான் மறுபடியும் கேட்டேன். "சொன்னதத்தான் எழுதணும்னு நீதானே சொன்ன? எழுது" என்றார்.

எழுதினேன். கணவரின் நம்பரில் வேலை செய்யும் பெண்ணுக்கு, தனக்கென்று ஒரு நம்பர் வேண்டும், கணக்கு சுத்தமாக இருப்பதற்காக. எழுதும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இத்தனை காலம் அண்ணன் பெயருக்குப் பின்னால் நின்றவர் தன் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லக் கூச்சப்படுகிறார், அவ்வளவுதான் என்று எண்ணினேன்.

கோலாலம்பூரில் எங்கள் பிரிவுத் தலைவரின் மேசையில் எல்லாச் சீட்டுகளையும் பரப்பினோம். அவர் ஈப்போ சீனர், நிதானமானவர், குரலை உயர்த்தாதவர். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது, ஆகவே முதல் கட்டம், பிறகு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் எடுத்து அவர் ஒரே கேள்வி கேட்டார்: இதைச் செய்யாவிட்டால் யாருக்கு என்ன கெடும்? நல்ல கேள்வி. நானும் என் காலத்தில் அதையே கேட்டிருக்கிறேன். கிராணியின் கார்பன் நகல் முதல் கட்டத்துக்குப் போனது. மண்டோர் கேட்ட லயத்து வரிசை போனது. வரைபடம்கூடப் போனது, துரையின் மனம் கோணக் கூடாது என்று.

அண்ணியின் சீட்டு வந்தது. "கணக்கு இப்போது அசுத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றார் கூட இருந்த கணக்குப் பிரிவுக்காரர். குடும்பத்துக்குப் போய்ச் சேரும் தொகை ஒன்றுதான், அதை இரண்டாகப் பிரித்து எழுதுவதால் வேலைதான் கூடும் என்றார். தலைவர் சீட்டின் முதல் வரியைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பெண் யூசர் இல்லையே. இவர் கம்ப்யூட்டரைத் தொடவே போவதில்லை."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "தொடுகிறவர்கள் விரலால் தொடுகிறார்கள். இவர்களை அது வயிற்றில் தொடும்" என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தலைவர் மட்டும் கோபப்படவில்லை. "நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் செய்யாவிட்டால் என்ன கெடும் என்று நீ எழுதவில்லை. எழுதியிருப்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய முடியும்" என்றார். சீட்டு இரண்டாவது கட்டுக்குப் போனது. ரப்பர் பேண்டு போட்டு இழுப்பறைக்குள் வைத்தார்கள். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க இன்றுவரை முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

முதல் கட்டம் தோட்டத்துக்குப் போனது. தாள் அறைந்து அச்சடிக்கும் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஆபீசு சன்னலில் வந்து தொங்கினார்கள். நான் அடிக்கடி போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி, "எஞ் சீட்டு என்னாச்சு?" என்று கேட்பார். அடுத்த கட்டத்தில் வரும் அண்ணி என்பேன். "அது எப்ப?" என்பார். சீக்கிரம் என்பேன். கேலி குறைந்துகொண்டே வந்தது. முகம் ஒடுங்கியிருந்தது. என்ன அண்ணி இளைத்துவிட்டீர்கள் என்றால், காட்டில் வேலை அதிகம் என்பார். ஒருநாள் பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். இடது கையில் எதையும் வாங்க மாட்டேன் என்றார். எல்லாப் பையையும் வலது தோளிலேயே மாட்டிக்கொண்டார். தோள்பட்டையில் சுளுக்கு, தோட்டத்து டிரசர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றார். தோட்டத்தில் சில்லறை வியாதிகளுக்கு மருந்து கொடுக்கும் ஆண்பிள்ளை அவர். நான் நம்பினேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மளிகைக்கடைப் போனிலிருந்து அண்ணன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அண்ணி காட்டில் சாக்கோடு விழுந்துவிட்டார், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பரிசோதனையெல்லாம் முடிந்திருந்தது. மார்பில் கட்டி. அக்குளுக்கும், அதற்கு அப்பாலும் போய்விட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டார். என்னைத் திட்டுவதுபோல்தான் கேட்டார். 

அண்ணன் காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணியே சொன்னார். அந்தச் சீட்டை நான் எழுதிய நாளுக்கு முன்பே கட்டி இருந்தது. சின்னதாக, கோலிக்குண்டு மாதிரி. டிரசரிடம் சட்டையை அவிழ்த்துக் காட்ட அவரால் முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் வேலை நாளில், காலையில் போக வேண்டும். ஒரு தடவையோடு விடமாட்டார்கள், வா வா என்பார்கள். நம்பர் உள்ளவன் நோய் என்றால் தோட்டம் சீட்டு எழுதிக்கொடுக்கும், லீவு போடும், அவன் இடத்துக்கு மண்டோர் வேறு ஆள் அனுப்புவார். சொல்லாமல் மட்டம் போட்டால்தான் பொந்தேங் என்று எழுதுவார்கள். நம்பர் இல்லாதவளுக்கு லீவு ஏது? அவள் வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். அண்ணன் தனியாக வெட்டி, தனியாகப் பொறுக்கி, மாலையில் மண்டோரிடம் பேச்சு வாங்குவார். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். அடிக்கடி என்றால் நல்ல காட்டிலிருந்து மாற்றி மேட்டுக்காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நம்பரு கெடச்சா யாரு கிட்டயும் ஒண்ணும் சொல்லாம, லீவப் போட்டுட்டு போயி காட்டிட்டு வந்துரலாம்னு பாத்தேன்" என்றார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி. எத்தன வாட்டி கேட்டேன்!"

அவர் என்னையே பார்த்தார். குரலில் பழைய கேலி கொஞ்சம் எட்டிப்பார்த்தது. "சொன்னா எழுதுவ. எழுதினத கெராணி படிப்பாரு, தொர படிப்பாரு, ஒங்க சீனக்காரு படிப்பாரு. இவளுக்கு மாருல கட்டி, அதனால நம்பரு வேணும்னு எழுதுவியா? நா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பெரட்டுல நிக்கறது?" சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அதான் அவங்களுக்குப் புடிச்ச காரணமாப் பாத்துச் சொன்னேன். அப்பத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். அண்ணிக்காக அழுதேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஆத்திரத்தில் அழுதேன். குழாய்க்கும் திருவிழாவுக்கும் வேலை செய்த தந்திரம் அது. எங்கள் ஆட்கள் பரம்பரையாகத் துரையை அப்படித்தான் வளைத்திருக்கிறார்கள். அண்ணி அதில் கெட்டிக்காரி. துரைக்கு எது பிடிக்கும் என்று சரியாகவே கணித்தார். ஆனால் இந்தத் தடவை காரணத்தைக் கேட்டது துரை இல்லை. யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த ஒரு மேசை. அந்த மேசையிடம் தனக்கு வலியே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு மேசை உலகத்தில் இருக்கும் என்று அவர் எப்படி நம்புவார்? யார் அதுவரை அவரிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

மறுநாள் நான் நேராகத் தலைவரின் அறைக்குப் போனேன். இழுப்பறையிலிருந்து கட்டை எடுத்து, அண்ணியின் சீட்டை உருவி, மூன்றாவது வரியை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன்: வேலை செய்கிறவளுக்கு நோய் வந்தால் அவளுக்கும் லீவு கிடைப்பதற்காக. உடம்பின் எந்த இடம் என்று எழுதவில்லை. அது என் அண்ணி, நோய் முற்றிவிட்டது என்பதை மட்டும் அவரிடம் வாயால் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "இதை முதலிலேயே எழுதியிருந்தால்..." என்று ஆரம்பித்தார்.

"எழுதியிருந்தால் இந்த மேசையைச் சுற்றி எத்தனை ஆண்கள் படித்திருப்பீர்கள்?" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சீட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போனார். அங்கே என்ன காரணம் சொல்லி அனுமதி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. மேலிடத்துக்குப் பிடித்த காரணமாகத்தான் இருந்திருக்கும். புருஷன் நம்பரில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் தனி நம்பர் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். புரோகிராமர்கள் அதைச் செய்துமுடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. இவ்வளவுதானா என்று ஒருவன் என்னிடமே கேட்டான். ஆமாம், இவ்வளவுதான் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மண்டோர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் பெயர்களை எழுதி வந்தார்கள். அண்ணி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணன் அவர் பெயரைக் கொடுத்தார். நான் அண்ணியிடம் போய், நம்பர் வந்துவிட்டது என்று சொல்லி, அதை என்ன என்றும் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஒங்கண்ணன் நம்பர விட நல்ல நம்பரு" என்றார். அதற்குப் பிறகு அதிகம் பேசும் நிலையில் அவர் இல்லை. புதிய பட்டியல் தோட்டத்துக்கு வருமுன்பே போய்விட்டார். லயத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். 

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் பட்டியல் வந்தது. அதை ஒழுங்காக ஓட்டிப் பார்க்க நான்தான் போக வேண்டும். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று தலைவர் கேட்டார். நானே போகிறேன் என்றேன். பெரிய கிராணி தாளை மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, அண்ணியின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். "இத அடிச்சிடலாம்ல தங்கச்சி" என்றார், மெதுவாகத்தான். அவரும் மனுஷன்தான். நான் சரி என்று தலையாட்டப் போனேன்.

அண்ணன் வெளியே வாசலில் நின்றிருந்தார். ஆபீசுக்குள் காலெடுத்து வைக்காதவர் அன்றைக்கு உள்ளே வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கிராணியைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, நாளைக்கு ஒரு வாட்டி கூப்புடட்டும்யா. அப்புறமா அடிச்சிக்குங்க."

கிராணி என்னைப் பார்த்தார். அண்ணன் துரைக்கு ஆகும் லாபம் எதையும் சொல்லவில்லை. காரணமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிராணி பேனாவை மூடி வைத்தார்.

மறுநாள் காலை பெரட்டுக்கு நானும் போனேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மண்டோர் புதிய தாளைப் பிரித்தார். பனியில் தாள் தொய்ந்து தொங்கியது. முதல் தடவையாகப் பெண்களின் பெயரும் வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கசமுசவென்று ஒரு பேச்சு. புருஷன் பெயரைக் கூப்பிட்டு, அடுத்துப் பெண்டாட்டி பெயரைக் கூப்பிட்டார். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "இருக்கேன்" என்றார்கள். ஒருத்தி ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே எங்கள் லயத்துக்கு வந்தார். அண்ணன் பெயர். "இருக்கேன்" என்றார் அண்ணன். அவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு மற்றவர்கள் நின்றிருந்தார்கள்.

மண்டோர் அண்ணியின் பெயரைக் கூப்பிட்டார், எல்லோரையும் கூப்பிட்ட அதே குரலில், நம்பரோடு சேர்த்து. 

"வரல" என்றார் அண்ணன்.

அந்த மண்டோர் அண்ணியைப் பாடையில் தூக்கியவர்களில் ஒருவர். அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வராத எந்த ஆளைப் பற்றியும் கேட்பதைத்தான் கேட்டார். "லீவா, பொந்தேங்கா?"

"லீவு" என்றார் அண்ணன்.

மண்டோர் லீவு என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.